பஜனைன்னா என்ன அர்த்தம்?



கிருத்திகை பஜனைக்குக் கூப்பிட்டால் நம்மில் பலர் சொல்லும் பதில், "எனக்குப் பாட வராதுங்க." நானும் பல வருஷம் அப்படிச் சொல்லிட்டு, தூண் ஓரமா வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவன்தான். அந்தச் சொல்லின் அர்த்தம் தெரிஞ்ச பிறகு அப்படிச் சொல்ல மனசு வரலை.

பஜனை வடமொழிச் சொல். அதன் வேர் 'பஜ்'. பங்கிடுதல், பங்கு கொள்ளுதல், சேவித்தல், வழிபடுதல் என்றெல்லாம் அதற்குப் பொருள் உண்டு. பக்தி, பக்தன் இரண்டும் அதே வேரில் பிறந்தவை. சொத்துத் தகராறில் பாகப்பிரிவினைன்னு சொல்றோமே, அந்த 'பாகம்' கூட இந்த வேர்தான்!

கவனிச்சீங்களா? வேரில் பாட்டே இல்லை; பங்குதான் இருக்கு. பாட்டு பின்னால் வந்து சேர்ந்தது.

பஜனை நடக்கும் முறையும் அப்படித்தான். ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். ஒருவருக்கு மூச்சு வாங்கினால் இன்னொருவர் தொடருவார்.

திருத்தணி படித்திருவிழாவை நினைச்சுப் பாருங்க. வள்ளிமலை சுவாமிகள் தொடங்கி வைத்தது. டிசம்பர் 31 அன்று 365 படிகளுக்கும் பூஜை, படிக்கொரு திருப்புகழ். தனி ஒருத்தர் குரல் தாங்குமா? பல குரல் பங்கு போட்டால்தான் மலை ஏறலாம்.

சொத்தைப் பிரித்தால் குறையும். முருகன் புகழ் பிரிக்கப் பிரிக்கக் கூடும்.

அதனால் வர்ற கிருத்திகைக்கு சுருதி சேரலைன்னாலும் பரவாயில்லை, தாளம் தட்டுங்க, ஒரு அரோகரா சொல்லுங்க. உங்க பங்கை விட்டுடாதீங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🙏