தோட்டம் பேசப் போகும் தங்கைக்கு



தோட்டக்கலை படித்து முடித்த கையோடு, போடிநாயக்கனூர்ப் பக்கத்து ஊர்களில் பெரியவர்களைக் கூட்டி வீட்டுத்தோட்டம் பற்றிப் பேசும் வேலையை ஏற்றிருக்கிறாய். மடிக்கணினி, திரை, படங்கள் எல்லாம் தயாராக இருக்கும். இருக்கட்டும். முதல் கூட்டத்துக்கு முன்னால் ஒரு நாள் மட்டும் விடியுமுன் எழுந்து முந்தல் சாலையில் போய் நின்று பார்.

இருட்டிலேயே ஜீப்புகள் வரிசையாக வரும். உள்ளே பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். மடியில் தூக்குவாளி, தலையில் துண்டு. 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, போடிமெட்டு தாண்டி, பூப்பாறை, சாந்தம்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறங்குவார்கள். பொழுது சாயும்போது அதே ஜீப்பில் திரும்புவார்கள். அவர்களில் பேரன் பேத்தி எடுத்தவர்களும் உண்டு. உன் கூட்டத்துக்கு வரப்போவது இவர்களும், இவர்களைப் போலவே ஆண்டுக்கணக்கில் மலைக்குப் போய்வந்து, முழங்கால் விட்டுப்போனதால் வீட்டோடு தங்கிவிட்டவர்களும்தான்.

முழங்கால் ஏன் விட்டுப்போகிறது என்பதை ஏலச்செடியே சொல்லும். தட்டை ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். காயோ அடியில், தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரத்தில்தான் காய்க்கும். காய் எடுக்கிறவர் ஒவ்வொரு தூருக்கும் குனிய வேண்டும், அல்லது குந்த வேண்டும். எல்லாக் காயும் ஒன்றாக முற்றுவதில்லை. அறுவடைக் காலத்தில் ஏறத்தாழ நாற்பது நாளுக்கு ஒரு சுற்று என்று அதே தூருக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும். மழையில், சேற்றில், அட்டைக்கடியில் இப்படியே முப்பது நாற்பது வருடம் குந்தி எழுந்த உடம்பிடம் போய், ‘தரையில் பாத்தி கட்டிக் களை எடுங்கள்’ என்று சொன்னால், தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்கு மனமில்லாமல் இல்லை. உடம்பு கேட்காது.

அதனால் இவர்களுடைய தோட்டம் இடுப்பு உயரத்தில் தொடங்க வேண்டும். பழைய மரப்பெஞ்சு, செங்கல் அடுக்கி மேலே போட்ட பலகை, துணி துவைக்கும் கல், எதுவானாலும் சரி. அதன்மேல் மண்பையோ உடைந்த பிளாஸ்டிக் வாளியோ வைத்தால் நின்றபடியே கீரை கிள்ளலாம். பந்தல் கை எட்டும் உயரத்தில் இருக்கட்டும். அவரையும் பீர்க்கும் தலைக்கு மேலே போய்விட்டால் ஸ்டூல் தேடுவார்கள், ஸ்டூலில் ஏறினால் விழுவார்கள். சிங்கப்பூரின் ஹார்ட்பார்க்கில் 2016-இல் முதியோருக்கென்றே ஒரு நலத் தோட்டம் திறந்தார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரும் தொட்டு வேலை செய்யும் உயரத்தில் அங்கே தொட்டிகளை அமைத்திருக்கிறார்கள். அந்த யோசனைக்குப் பெரிய செலவு தேவையில்லை. போடியில் அதை நாலு செங்கல்லில் செய்துவிடலாம்.

இன்னொன்று. அறுபதைக் கூடத் தொடாத ஒருவரைப் ‘பாட்டி’ என்று கூப்பிட்டுவிடாதே. அத்தை, பெரியம்மா, ஐயா, மாமா என்ற முறை போதும். அப்பத்தா என்று அழைக்கும் உரிமையை அவர்களே தருவார்கள், ‘ஏ தாயி’ என்று உன்னைக் கூப்பிடத் தொடங்கிய பிறகு.

கூட்டத்தில் முதல் அரைமணி நேரம் அவர்கள் பேசட்டும். மரியாதைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நீ புத்தகத்தில் படித்ததில் பாதியை அவர்கள் கையால் செய்திருக்கிறார்கள். தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் நிழல்மரங்களின் கிளைகளைக் கழித்து எவ்வளவு வெயில் உள்ளே விழ வேண்டும் என்று பார்த்தவர்கள் அவர்கள். உதிர்ந்த சருகைத் தூரைச் சுற்றிப் பரப்பினால் மண் எத்தனை நாள் ஈரம் காக்கும் என்று தெரிந்தவர்கள். தோல் பச்சையாக இருக்கும்போதே உள்ளே விதை கறுத்துவிட்டதா என்று விரலால் தொட்டுச் சொல்பவர்கள். நிழல், மூடாக்கு, அறுவடைப் பக்குவம் என்று நீ மூன்று தலைப்புப் போட்டு வைத்திருந்தால், மூன்றுக்கும் பேச்சாளர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால் அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் மலைக்குரிய அறிவு. உன் வேலை தொடங்குவது அங்கேதான். ஆனி, ஆடியில் மேலே தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது, மலையின் மறைவில் இருக்கும் போடிக்குக் காற்றும் சாரலும்தான் மிச்சம். இங்கே மண் நனைய ஐப்பசி பிறக்க வேண்டும். மலையில் நிழலைக் குறைக்கப் பழகிய கை, இங்கே சித்திரை வெயிலில் நிழலைக் கூட்ட வேண்டியிருக்கிறது. கீரைத் தொட்டிக்கு மேலே பழைய சேலையை விரித்துக் கட்டினால் போதும் என்று சொல்லிப் பார். ‘ஏலத்துக்கு மரம் மாதிரி’ என்று அவர்களே ஒப்புச் சொல்வார்கள். மூடாக்கு மட்டும் இரண்டு இடத்துக்கும் பொது. கரும்புச் சோகை, தேங்காய் மட்டை, காய்ந்த இலை எல்லாம் ஆகும்.

சிலர் மலையிலிருந்து ஓர் ஏலக்கன்றைக் கொண்டுவந்து கொல்லையில் நட்டு வைத்திருக்கலாம். ஏலம் நன்றாகக் காய்க்கக் கடல்மட்டத்திலிருந்து 600 முதல் 1,200 மீட்டர் வரையான உயரமும், குளிர்ந்த நிழலும், 1,500 மில்லிமீட்டருக்குக் குறையாத மழையும் வேண்டும் என்பது கணக்கு. போடி நகரம் அதற்கும் கீழே, வெயிலில் கிடக்கிறது. அந்தச் செடியில் இலை வரும், காய் அரிது. அதைப் பிடுங்கச் சொல்லாதே. அது ஒருவரின் வாழ்நாள் வேலையின் ஞாபகம். கிணற்றடி நிழலில் அது பாட்டுக்கு நிற்கட்டும்.

வாழ்நாளெல்லாம் அடுத்தவர் தோட்டத்தில் விளைவித்தவர்கள், முதல்முறையாகத் தங்கள் வாசலில் தங்களுக்காக ஒன்றை நடப்போகிறார்கள். உன் பேச்சில் வேறு எது விட்டுப்போனாலும் இது விட்டுப்போகக் கூடாது. மலையில் என்ன நடுவது, எப்போது மருந்தடிப்பது, எந்தக் காயை எடுப்பது என்று எல்லாவற்றையும் வேறு யாரோ முடிவு செய்தார்கள். இங்கே முடிவு அவர்களுடையது. ஒருவர் ‘எனக்குக் கனகாம்பரம்தான் வேணும், கீரை வேணாம்’ என்றால், கனகாம்பரம் நட உதவி செய்.

மருந்து விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. ஏலம் அதிகம் மருந்தடிக்கப்படும் பயிர்களில் ஒன்று. இலைப்பேனுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் திரும்பத் திரும்பத் தெளிப்பார்கள். பூச்சி கண்டால் பாட்டிலைத் தேடும் பழக்கம் அங்கே வேலை செய்த எவருக்கும் தொற்றக்கூடியது. தோட்டத்தில் மிஞ்சியது ஏதாவது வீட்டு அலமாரியில் இருக்கிறதா என்று மெதுவாகக் கேள், குற்றம் சாட்டும் குரல் வேண்டாம். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளுக்குப் பயன்படுத்துவதற்கு 2005-இலேயே இந்தியாவில் தடை வந்துவிட்டது. அது செடிக்குள் ஊடுருவிப் பரவும் நஞ்சு, கழுவினால் போகாது. விதைத்து இருபத்தைந்து நாளில் பிடுங்கும் சிறுகீரையில் அதைத் தெளித்தால் அந்த நஞ்சு நேரே பேரப்பிள்ளையின் தட்டுக்குப் போகும். இதை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டு, மாற்றைக் கையில் கொடு. அவரைக் கொடியில் அசுவினி அப்பியிருந்தால் காலைப் பனி ஈரத்தில் அடுப்புச் சாம்பல் தூவலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து இலையின் அடிப்பக்கம் படும்படி மாலையில் அடிக்கலாம். அங்கேயே கலந்து காட்டு. வேப்பெண்ணெய் தண்ணீரில் பிரிந்து மிதப்பதையும், சோப்பு விழுந்ததும் பால்போல் கலப்பதையும் கண்ணால் பார்த்தவர் மறக்க மாட்டார்.

பேச்சு எப்போது பலிக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. 1960-களில் திருச்சி வானொலி நிலையம் ஆடுதுறை 27 என்ற புதிய நெல்லைப் பற்றித் தஞ்சை விவசாயிகளுக்கு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. குறுவைக்கு ஏற்ற குறுகிய கால ரகம். கேட்டவர்கள் நட்டார்கள், விளைந்தது. ஆடுதுறை 27 என்ற பெயரை மறந்து ‘ரேடியோ நெல்’ என்றே அதை அழைத்தார்கள். ஒரு பயிருக்கு அதைச் சொன்ன கருவியின் பெயரே நின்றுவிட்டது. வெறும் குரல் அதைச் செய்திருக்காது. வானொலியில் கேட்டதைப் பக்கத்து வயலில் அதே பருவத்தில் பார்க்க முடிந்தது. உன் பேச்சுக்கும் ஒரு பக்கத்து வயல் வேண்டும். கூட்டம் நடக்கும் தெருவிலேயே ஒரு வீட்டைப் பிடித்து, ஒரு மாதம் முன்னதாகவே அங்கே நாலு தொட்டி வைத்துவிடு. திரையில் காட்டும் படம் எந்த ஊர்த் தோட்டமோ என்றிருக்கும். மூன்றாவது வீட்டுக் கத்தரிச்செடியை யாரும் மறுக்க முடியாது.

புதிதாகச் சொல்ல உன்னிடம் சரக்கு இல்லாமல் இல்லை. முருங்கையையே எடுத்துக்கொள். பெரியவர்களுக்கு முருங்கை என்றால் போத்து வெட்டி நடுவது. மரம் உயர்ந்துவிடும், காற்றுக்கு ஒடியும், காய் பறிக்கத் தொரட்டி வேண்டும். உன் மாவட்டத்துப் பெரியகுளத்திலிருந்து வந்த பி.கே.எம். 1 விதையால் வளர்வது. அந்த மூன்று எழுத்தும் பெரியகுளத்தின் பெயர்தான் என்று சொன்னால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். இந்த விதை ஆப்பிரிக்க நாடுகள் வரை போயிருக்கிறது. செடி ஏறக்குறைய மூன்றடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். பக்கக்கிளை விட்டுப் புதராக நிற்கும். ஆறாம் மாதத்தை ஒட்டிக் காய்க்கத் தொடங்கும். காய்ப்பு ஓய்ந்ததும் மூன்றடி விட்டு வெட்டினால் மறுபடி தழைக்கும். கிள்ளும் இடத்தை விரலால் காட்டு, பிறகு அடுத்த செடியை அவர்களையே கிள்ளச் சொல். மழைக்காலத்தில் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி கூட்டமாக அப்பும்போது என்ன செய்வது என்பதை நீ சொல்ல வேண்டாம், அவர்கள் சொல்வார்கள்.

கோவை மாவட்டம் தேக்கம்பட்டியில் பாப்பம்மாள் என்று ஒருவர் இருந்தார். நூறு வயதைத் தாண்டியும் தன் இரண்டரை ஏக்கரில் இறங்கி வேலை செய்தவர். 2021-இல் பத்மஸ்ரீ பெற்று, 2024 செப்டம்பரில் மறைந்தார். வேளாண் பல்கலைக்கழகம் விவசாயிகளுக்காக நடத்திய விவாதக் குழுவில் அவர் நெடுங்காலம் இருந்தார் என்பதுதான் இந்தக் கடிதத்துக்கு வேண்டிய செய்தி. விரிவுரை கேட்கும் இடத்தில் ஒருவர் எதிரே உட்கார்வார், விவாதக் குழுவில் பக்கத்தில் உட்கார்வார். நாற்காலிகளை வட்டமாகப் போடு. காது மந்தமானவர்கள் உன் வாயைப் பார்த்துக் கேட்பார்கள். வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நிற்காதே. ஒலிபெருக்கி வைத்தால் கேள்வி கேட்பவர் கைக்கும் மைக் போக வேண்டும். ‘அதெல்லாம் எங்க தெருவுல நிக்காது தாயி, உப்புத் தண்ணி’ என்று ஒருவர் சொன்னால் அன்றைய நல்ல கேள்வி அதுதான். ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு பிடி மண்ணும் வாங்கிக்கொண்டு காமாட்சிபுரத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போ. முடிவை அடுத்த கூட்டத்தில் அவரிடமே கொடு.

நாளும் நேரமும் அவர்களைக் கேட்டு வை. காய் எடுப்பு மும்முரமாக இருக்கும் மாதங்களில் வேலை நாளில் கூட்டம் போட்டால் ஒரு நாள் கூலி போகும். கூலியை இழந்து கீரை வளர்க்கக் கற்றுக்கொள்ளச் சொல்வது நியாயமில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். செருப்பில்லாமல் தோட்டத்தில் இறங்க வேண்டாம் என்பதைப் பாதத்துப் புண்ணைப் பற்றிப் பேசியே சொல். முள் குத்தினால் கூடத் தெரியாத பாதங்கள் அவை.

விதையை எப்படிக் கொடுப்பது என்று நெல் ஜெயராமனிடம் கற்றுக்கொள்ளலாம். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவில் ஒவ்வொரு விவசாயிக்கும் இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல் கொடுப்பார்; அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2018-இல் அவர் மறைந்த பிறகும் அந்த விதைகள் பல ஊர்களில் விளைந்துகொண்டிருக்கின்றன. இலவசமாக வாங்கிய பாக்கெட் அலமாரியில் தூங்கும். திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கிய விதை மண்ணுக்குப் போகும். வாக்குக் கொடுத்தவர் தன்னைக் கடன்பட்டவராக நினைப்பார். அறுபது வயதுக்கு மேல் நம்மை நம்பி ஒருவர் கடன் கொடுக்கிறார் என்பது சின்ன விஷயம் இல்லை.

ஆகவே ஆடியில் முதல் கூட்டத்தை வை. ஆளுக்குப் பத்து அவரை விதை எண்ணிக் கொடு; பெயரையும் எண்ணிக்கையையும் ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டைத் தெருவில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெரியம்மாவிடமே கொடுத்துவிடு. கார்த்திகையில் பூ பார்க்க ஒருமுறை வா. தையில் காய் முற்றிக் காயும்போது இருபது விதையாகத் திரும்பி வரும். மழை பொய்த்தோ அணில் கடித்தோ கொடி காய்ந்தோ சிலருக்கு ஒன்றும் இல்லாமல் போகலாம். அவர்களும் அன்றைக்கு வந்து உட்காரும்படி முன்கூட்டியே வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வா. நோட்டில் அவர்கள் பெயருக்கு எதிரே மறுபடியும் பத்து என்று எழுதச் சொல்.