வண்டிக் கண்ணாடியில் கருப்புத் தாள்: சட்டம் என்ன சொல்கிறது?



நமது அறக்கட்டளைக்கு நல்ல உள்ளம் கொண்ட ஒருவர் பழைய வேன் ஒன்றைத் தந்தது உங்களுக்குத் தெரியும். நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லவும் ரமளானில் அரிசி கொண்டு போகவும் அது பயன்படுகிறது. வரும்போதே அதன் பக்கக் கண்ணாடிகளில் கூலிங் பேப்பர் ஒட்டியிருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சில மாதங்களுக்கு முன் புறவழிச்சாலையில் போலீசார் வண்டியை நிறுத்தி 500 ரூபாய் அபராதம் போட்டார்கள்.

ரசீது அலுவலகத்துக்கு வந்ததும் ஒரு கேள்வி எழுந்தது. இதை எந்தக் கணக்கில் எழுதுவது? பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் ஏழைகளின் மருந்துக்கும் மக்கள் தந்த பணம் அமானிதம். நமது கவனக்குறைவுக்கு அதிலிருந்து ஒரு ரூபாய் எடுப்பதும் முறையல்ல. நிர்வாகிகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அந்தத் தொகையை அடைத்தோம். மறுநாளே பேப்பரை உரித்துவிட்டோம். சட்டம் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது; தெரிந்துகொள்ள நாம் முயலவில்லை என்பதே உண்மை. அதன் பிறகு மஹல்லாவில் பலர் இதைப் பற்றிக் கேட்டார்கள். எனவே நாம் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

விதி என்ன?

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆவது விதி கண்ணாடியைப் பற்றியது. முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் தம்மீது படும் வெளிச்சத்தில் குறைந்தது 70 சதவீதத்தை உள்ளே விட வேண்டும். பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 சதவீதத்தை விட வேண்டும். கம்பெனியிலிருந்து லேசான பச்சை நிறத்தோடு வரும் கண்ணாடி இந்த அளவுக்குள் இருந்தால் அதில் தவறில்லை.

கொல்கத்தாவைச் சேர்ந்த அவிஷேக் கோயங்கா என்பவர் தொடுத்த பொதுநல வழக்கில் 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எத்தனை சதவீத வெளிச்சத்தை விடும் பேப்பராக இருந்தாலும் சரி, கருப்பு ஃபிலிமோ வேறு பொருளோ கண்ணாடியின் மேல் ஒட்டக்கூடாது என்றது. அந்த ஆண்டு மே 4 முதல் இந்தியா முழுவதும் இது நடைமுறைக்கு வந்தது. ஃபிலிம் வியாபாரிகளும் மற்றவர்களும் மாற்றம் கேட்டுப் போனபோது, ஆகஸ்ட் மாதம் நீதிமன்றம் தன் நிலையை மீண்டும் உறுதி செய்தது. கண்ணாடியே விதிப்படி தயாராகி வந்திருக்க வேண்டும்; வாங்கிய பிறகு அதன்மேல் எதையும் ஒட்டக்கூடாது என்பதே அதன் சாரம். உயர் பாதுகாப்புப் பெறும் மிகச் சிலருக்கு மட்டுமே விலக்கு உண்டு.

2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு இந்தக் குற்றத்துக்கு முதல் முறை 500 ரூபாய், அடுத்தடுத்த முறைகளுக்கு 1500 ரூபாய் அபராதம். தமிழ்நாட்டில் இந்த உயர்ந்த தொகை 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

"70 சதவீத பேப்பர்தானே?"

கடையில் இப்படித்தான் சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள். வண்டிக் கண்ணாடி தானாகவே கொஞ்சம் வெளிச்சத்தைத் தடுக்கிறது. ஒரு கண்ணாடி 75 சதவீதம் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 70 சதவீத பேப்பர் ஒட்டினால், 75இல் 70 சதவீதம், அதாவது 52.5 சதவீதம்தான் உள்ளே வரும். முன் கண்ணாடிக்கு இது விதிமீறல். கண்ணாடி 70 சதவீதம் விடுவதாக இருந்தால் மிஞ்சுவது 49. பக்கக் கண்ணாடியும் அப்போது விதிக்குக் கீழே போய்விடும்.

இன்னொரு பேச்சும் உண்டு: "கேரளாவில் கோர்ட் அனுமதித்துவிட்டது." 2021 ஏப்ரல் முதல் விதியில் ஒரு திருத்தம் வந்தது உண்மை. உள்பக்கம் பிளாஸ்டிக் அடுக்கு கொண்ட பாதுகாப்புக் கண்ணாடி வகையை அது ஏற்றது. அதன் அடிப்படையில், 70, 50 அளவுகளுக்குள் இருந்தால் ஃபிலிமுக்குத் தடையில்லை என்று கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் சொன்னது. அங்கேயும் அந்த அளவுகள் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். கருப்புப் பேப்பருக்கு அந்தத் தீர்ப்பிலும் இடமில்லை. அதைக் காட்டி நமது சாலையில் போலீசாரிடம் வாதாடுவது வீண் வேலை.

வளைகுடாவிலிருந்து வரும் நம் பிள்ளைகள், "துபாயில் ஒட்டுகிறார்களே" என்பார்கள். அமீரகத்தில் பக்கக் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் 50 சதவீதம் வரை அனுமதி உண்டு. முன் கண்ணாடிக்கு இல்லை. அந்த நாட்டின் சட்டம் அந்த நாட்டுக்கு. இங்கே ஓட்டும்போது இங்குள்ள சட்டத்துக்குத்தான் கட்டுப்பட வேண்டும்.

ஏன் இந்தக் கண்டிப்பு?

முதல் காரணம், வண்டிக்குள் நடப்பது வெளியே தெரிய வேண்டும் என்பது. 2012 டிசம்பரில் டெல்லியில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமையை யாரும் மறந்திருக்க முடியாது. அது நடந்த தனியார் பஸ்ஸில் கருப்புக் கண்ணாடியும் திரையும் இருந்தன. சோதனைச் சாவடிகளைக் கடந்தும் உள்ளே நடந்தது வெளியே தெரியவில்லை. தீர்ப்பு வந்து சில மாதங்களே ஆகியிருந்த நேரம் அது. நம் பெண் பிள்ளைகளும் கல்லூரிக்கும் வேலைக்கும் வாடகை வண்டியில் போகிறார்கள். பர்தாவுக்கு என்று சொல்லி நாம் கேட்கும் அதே கருப்புப் பேப்பர்தான், முன்பின் தெரியாதவர் வண்டியில் அவர்களுக்கு ஆபத்தாகிறது. பர்தா அவர்கள் உடுத்தும் உடையில் இருக்கிறது. கண்ணாடியை நம்பி அது இல்லை.

இரண்டாவது, ஓட்டுபவரின் பார்வை. ஒரு நாள் மக்ரிபுக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் நமது வேனையே டிரைவர் பின்னால் எடுத்தார். பக்கத்தில் நின்ற சிறுவனை அவர் பார்க்கவில்லை. தொழுதுவிட்டு வெளியே வந்தவர்கள் கத்தியதால் வண்டி நின்றது, அல்ஹம்துலில்லாஹ். பகலில் குளிர்ச்சியாகத் தெரியும் பேப்பர், அந்தி நேரத்தில் பக்கத்தில் நிற்பவரையே மறைத்துவிடும். அன்றைக்கே அதை உரித்திருக்க வேண்டும். அபராதம் வரும்வரை காத்திருந்தது நமது தவறு.

செய்ய வேண்டியவை

பழைய கார் வாங்குமுன் ஜன்னல் கண்ணாடியைப் பாதி இறக்கி மேல் விளிம்பைப் பாருங்கள். பேப்பர் ஒட்டியிருந்தால் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு கோடு தெரியும். நகத்தால் தடவினாலும் தட்டுப்படும். விலை பேசும்போதே விற்பவரை உரித்துத் தரச் சொல்லுங்கள்.

வீட்டில் உரிப்பதானால் ஹேர் டிரையரால் சூடு காட்டி, மூலையிலிருந்து மெதுவாக இழுங்கள். மிஞ்சும் பசையை சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துடையுங்கள். பின் கண்ணாடியில் மெல்லிய கம்பிக் கோடுகள் இருந்தால் அங்கே பிளேடு வைக்காதீர்கள். பனியை நீக்கும் கோடுகள் அறுந்துவிடும்.

வெயிலுக்கு வேறு வழிகள் உண்டு. நிறுத்தும்போது முன் கண்ணாடிக்குள் வெள்ளி நிற மறைப்பை வையுங்கள், புறப்படும்போது எடுத்துவிடுங்கள். ஏ.சி. போடுமுன் கதவுகளைத் திறந்து ஒரு நிமிடம் சூட்டை வெளியேற்றுங்கள். கைக்குழந்தையையும் முதியவரையும் வெயில் படாத பக்கம் உட்கார வையுங்கள். ஓடும் வண்டியில் ஜன்னலுக்குத் துணி கட்ட வேண்டாம்.

கல்யாணத்துக்கு வேன் பிடிப்பவர்களும் பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை அனுப்புபவர்களும் ஒரு முறை கண்ணாடியைப் பாருங்கள். கருப்புப் பேப்பர் இருந்தால் உரிமையாளரிடம் தயங்காமல் சொல்லுங்கள். நமது வேனின் கண்ணாடிகள் இப்போது வெறும் கண்ணாடிகளாகவே இருக்கின்றன. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எவரும் பார்க்கலாம். மறைக்க நம்மிடம் எதுவும் இல்லை. உங்கள் வண்டியும் இன்ஷா அல்லாஹ் அப்படியே இருக்கட்டும்.

வஸ்ஸலாம்.

செயலாளர்