செங்கண்மாவிற்கு வழி

இந்நாளில் திரையிசை விழாவிற்குச் செல்வோர் வழியையும் தங்குமிடத்தையும் முன்னரே கேட்டறிகின்றனர். சங்க காலத்தில் செங்கத்தை நாடிய கூத்தர்க்கு வழி கூறுவது, 583 அடிகளால் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம். பத்துப்பாட்டுள் இறுதிப் பாட்டு இதுவே.

செங்கத்தின் பழம்பெயர் செங்கண்மா. அதன் தலைவன் நன்னன். அவனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வறுமையுற்ற கூத்தர் கூட்டமொன்றை எதிரே காண்கிறான். முழவு, ஆகுளி, தூம்பு, குழல் முதலியவற்றைப் பையிலிட்டு அவர்கள் சுமந்த தோற்றம், பலாமரத்தில் காய்கள் தொங்குவது போன்றிருந்ததாம்!

வழியோ கொடிது. காட்டுப்பன்றிக்கு வைத்த பொறிகள் உண்டு. ஆதலின் பொழுது புலர்ந்த பின்னரே நடத்தல் வேண்டும். தினைப்புனங் காப்போர் யானைமீது எறியும் கவண்கல் உயிரையே கவரும்; மரங்களின் மறைவிலே செல்லுதல் வேண்டும். நன்னனைக் காணச் செல்லும் கூத்தர் என்றால், குறவர் தம் சுற்றத்தார்போல் உணவளிப்பர். இவ்வளவையும் கூறுபவனும் பரிசிலால் வாழ்பவனே. எனினும் ஒன்றையும் மறைத்தானல்லன்.

சேயாற்றங்கரை வழியே சென்றால் நன்னனின் ஊரை அடையலாம். தலைவனுக்குப் பொற்றாமரையும், விறலியர்க்கு அணிகலன்களும், தேரும் களிறும் அவன் நல்குவான். பன்னாள் தங்கினும், முதல்நாள் காட்டிய விருப்பம் அவனிடம் சிறிதும் குறையாது.