மோட்டார் சைக்கிளின் பின்கீலும் கடற்காற்றும்

கார் நிக்கோபார், பவளச் சுண்ணாம்பு படிந்த தட்டையான ஒரு தீவு. அதன் பரப்பு ஏறத்தாழ 127 சதுர கிலோமீட்டர்தான். ஆதலின் அங்குள்ள எந்தச் சாலையும் கடற்காற்றுக்குத் தப்பியதன்று. அக்காற்றில் மிதந்து வரும் துகள்களில் சாதாரண உப்போடு மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தானே கரையும் இயல்புடையது. எனவே, மழை பெய்யாத நாளிலும் இரும்பின்மீது படிந்த உப்பு ஈரமாகவே இருந்து துருவை வளர்க்கிறது. மோட்டார் சைக்கிளில் இத்துரு கண்ணிற் படாமல் வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு. பின்சக்கரத்தைத் தாங்கும் கவையின் கீலே அது.

முற்கால வண்டிகள் பலவற்றில் பின்சக்கரம் சட்டத்தோடு அசைவின்றிப் பிணைக்கப்பட்டிருந்தது. பள்ளத்தில் விழுந்தால் அந்த அதிர்ச்சி முழுவதும் ஓட்டுபவரின் முதுகெலும்பையே சேரும். 1940களின் இறுதியில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்து வெளிவந்த ராயல் என்ஃபீல்டு 350 சி.சி. புல்லட், இக்குறையை நீக்க முற்பட்ட வண்டிகளுள் ஒன்று. அதன் பின்கவை, சட்டத்தில் ஓர் அச்சைப் பற்றிக்கொண்டு கதவைப்போல் மேலும் கீழும் அசையும். அவ்வசைவை ஷாக் அப்சார்பர்கள் தாங்கிக் கொள்ளும். 1955இல் தோன்றிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம், சென்னையை அடுத்த திருவொற்றியூரில் இவ்வண்டியை உற்பத்தி செய்தது. மெக்கானிக்குகள் இக்கவையை 'ஸ்விங் ஆர்ம்' என்பர். அது அசையும் இடத்திற்குத் தக்க சொல்லைத் தேடி அலைந்த பிறகு, நம் வீட்டுக் கதவிலேயே 'கீல்' என்று அது இருக்கக் கண்டேன்.

சக்கரத்தின் அச்சுக்கும் இக்கீலுக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. வேகமாகச் சுழலும் அச்சு, எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று தனக்கும் தாங்கிக்கும் இடையே ஒரு மெல்லிய படலத்தைத் தானே உண்டாக்கிக் கொள்ளும். கீல் அவ்வாறு சுழல்வதில்லை. சில பாகை அளவே முன்னும் பின்னும் திரும்புகிறது. அதுவும் பாரம் மேலே அழுத்தும்போது. ஆகவே படலம் உருவாவதில்லை. பாரம் ஒரே இடத்தை ஓயாது தேய்க்கிறது. இங்கு வேண்டுவது ஓடிப்போகும் எண்ணெயன்று. இருந்த இடத்தில் நிற்கும் கிரீஸ்.

தீவில் தேங்காய் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. ஆயினும் அதனைக் கீலில் இடுவது தவறு. அது விரைவில் வழிந்துவிடும்; நாட்பட்டுச் சிக்கலடித்தபின் அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் வெண்கலப் புஷ்களை அரித்துப் பச்சை படரச் செய்யும். கிரீஸ் என்பது எண்ணெயைச் சோப்பால் கெட்டியாக்கிய பண்டம். சோடியம் சோப்பால் ஆனது நீரில் கரைந்து போகும். ஆதலால் கடலோரத்திற்கு ஆகாது. கால்சியம் சோப்பால் ஆனது நீரை எதிர்க்கும். மிகுந்த வெப்பத்தை அது தாங்காது என்பது உண்மையே. ஆனால் கீல் சூடேறுவதில்லையாதலின் அக்குறை இங்கு பொருட்டன்று. நல்ல லிதியம் கிரீஸும் ஏற்றதே.

கீலின் நிலையை அறிய, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைப் பற்றாமல் கவையின் நுனியையே பிடித்து இருபுறமும் தள்ளிப் பார்க்க வேண்டும். சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால், அதன் பேரிங்கில் உள்ள ஆட்டத்தையும் கீலின் ஆட்டமென்று மயங்க நேரும். கீலில் ஆட்டம் கண்ட வண்டி, வளைவில் பின்சக்கரத்தைத் தன் விருப்பப்படி திருப்பும். பவளப்பொடி படிந்த ஈரச் சாலையில் இது உயிருக்கே ஆபத்து.

கிரீஸ் நிப்பிள் உள்ள வண்டிகளில், பழைய கிரீஸ் இருமுனைகளிலும் வெளிப்படும் வரை கிரீஸ் கன்னால் செலுத்துக. ஒரு முனையில் மட்டும் வந்தால் மறுமுனை அடைபட்டுள்ளது என்பது பொருள். சிலவற்றில் கிரீஸ் நடுக்குழாயின் வெற்றிடத்தை நிரப்புவதோடு நின்று, தேயும் பரப்பை எட்டுவதேயில்லை. ஆதலின் நிப்பிளை மட்டும் நம்பியிராமல், மழைக்காலம் கழிந்தபின் ஒருமுறை அச்சைக் கழற்றிப் பார்ப்பதே நன்று.

துருப்பிடித்த அச்சைச் சுத்தியலால் நேராக அடிக்கலாகாது. மரையின் முனை நசுங்கிவிடும். முதல்நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, மறுநாள் பித்தளைத் துண்டை இடையே வைத்து மெதுவாகத் தட்டலாம். எடுத்த அச்சை மண்ணெண்ணெயில் கழுவி, விரல் நகத்தால் தடவிப் பார்க்கவும். நகம் தடுக்கும் அளவு பள்ளமிருந்தால் அச்சையும் புஷ்களையும் மாற்றவேண்டும். இவை பெரும்பாலும் கடல் கடந்தே தீவுக்கு வரவேண்டியவை. எனவே கையில் புதிய உருப்படிகள் இல்லாமல் வண்டியைப் பிரிக்கத் தொடங்குவது விவேகமன்று.

சில வண்டிகளில் வெண்கலத்திற்குப் பதிலாக ரப்பர் புஷ்கள் இருக்கும். இவற்றிற்குக் கிரீஸ் பகை. ரப்பர் ஊதிப் பதங்கெடும். ஆயினும் அதன் நடுவே செல்லும் இரும்பு அச்சின்மீது மட்டும் மெல்லிய பூச்சு அவசியம். இல்லையேல் அச்சும் உட்குழாயும் துருவால் ஒன்றாகிவிடும். ரப்பர் புஷ் உள்ள வண்டியில், சக்கரங்கள் தரையில் நின்று பாரம் ஏறிய நிலையில்தான் நட்டை இறுக்கவேண்டும். தூக்கி நிறுத்தியபடி இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கேறி, நாளடைவில் கிழியும். வெண்கல வகையில், ஷாக் அப்சார்பர்களை மாட்டுமுன் கவையை உயர்த்தி விடுக; பக்கவாட்டில் ஆட்டமின்றித் தன் பாரத்தாலேயே அது மெல்ல இறங்கவேண்டும். செயினைப் பூட்டிச் சக்கரத்தை நேர்ப்படுத்தியபின், நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டை மறுபடி இறுக்கிப் பார்க்கவும்.