வீட்டு லேண்ட்லைனை வைத்துக்கொள்வதா, ஒப்படைப்பதா?

கேள்வி: மைசூரு விஜயநகர் இரண்டாம் ஸ்டேஜில் சொந்த வீட்டில் குடியிருக்கிறோம். எங்கள் லேண்ட்லைன் மாமனார் பெயரில் வாங்கியது. முப்பது வருடத்துக்கு மேலாக அதே நம்பர். அவர் காலமாகி மூன்று வருடம் ஆகியும் பில் அவர் பெயரில்தான் வருகிறது. மாமியாருக்கு 82 வயது. நானும் கணவரும் வேலைக்குப் போன பிறகு பகல் முழுவதும் தனியாக இருப்பார். செல்போன் அவருக்குப் பழக்கத்துக்கு வரவில்லை. கும்பகோணத்தில் இருக்கும் தங்கையோடு பேசுவதும், உடம்புக்கு முடியாவிட்டால் எங்களைக் கூப்பிடுவதும் அந்த போனில்தான். ஆனால் ஒரு நல்ல மழை பெய்தால் லைன் டெட் ஆகிவிடுகிறது. இந்த வருடம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு வாரத்துக்கு மேல் டயல் டோனே இல்லை. பில் மட்டும் முழுதாக வருகிறது. கேட்டால், “பழைய கேபிளை இனிப் பார்க்க மாட்டோம். ஃபைபருக்கு மாறுங்கள், இல்லாவிட்டால் சரண்டர் பண்ணுங்கள்” என்கிறார்கள். “பணம் கட்டாமல் விடு, அவர்களே கட் பண்ணிவிடுவார்கள்” என்கிறார் கணவர். போனை வைத்துக்கொள்வதா, விடுவதா? டெட்டாக இருந்த நாளுக்கும் வாடகை கட்ட வேண்டுமா? டெபாசிட் திரும்பக் கிடைக்குமா?

– வாசகி, விஜயநகர், மைசூரு
(பெயரும் நிறுவனத்தின் பெயரும் தவிர்க்கப்பட்டுள்ளன.)

பதில்: சகோதரி, என் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாமியார் பகலில் தனியாக இருக்கும்வரை அந்த போன் வீட்டில் இருக்கட்டும். ஆனால் அது வேலை செய்கிற போனாக இருக்க வேண்டும். அதை வேலை செய்ய வைக்கும் கடமை நிறுவனத்துடையது, கேட்டு வாங்கும் உரிமை உங்களுடையது. கணவர் சொல்லும் வழியில் மட்டும் போகாதீர்கள். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பணம் கட்டாமல் விடலாமா?

கூடாது. கட்டணம் நின்றால் இணைப்பைத் துண்டிக்க நிறுவனத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் துண்டிப்போடு கணக்கு முடிவதில்லை. அதுவரை ஏறிய பாக்கி உங்கள் தலையில் நிற்கும், டெபாசிட்டை அதில் கழித்துக்கொள்வார்கள், மிச்சத்துக்கு நோட்டீஸ் வரும். எல்லாவற்றையும்விட, சேவைக் குறைபாட்டுக்காகப் புகார் சொல்லும் இடத்தில் இருந்த நீங்கள் பாக்கிதாரர் என்ற இடத்துக்குத் தள்ளப்படுவீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் எதிர்த்தரப்பு முதலில் எடுத்து வைக்கும் வாதம் அதுவாகத்தான் இருக்கும். எனவே பில்லைக் கட்டுங்கள். கட்டும்போதே, “லைன் வேலை செய்யாத நாட்களுக்கான வாடகையை ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்” என்று மின்னஞ்சலிலோ கடிதத்திலோ பதிவு செய்யுங்கள். அந்த ஒரு வரி உங்கள் உரிமையைக் காப்பாற்றும்.

டெட்டாக இருந்த நாளுக்கு வாடகை

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், சேவைத் தரத்துக்கென 2024-இல் புதிய விதிமுறைகளைக் கொண்டுவந்தது. அவை அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளன. லேண்ட்லைன் பழுது 3 நாளைத் தாண்டினால், மாத பில் கட்டும் சந்தாதாரருக்கு வாடகையில் தள்ளுபடி தர வேண்டும். இது புதிதாக வந்த சலுகையும் இல்லை. அதற்கு முன்பிருந்த 2009 விதிமுறைகளிலேயே, பழுது 3 நாளுக்கு மேல் 7 நாள்வரை நீடித்தால் 7 நாள் வாடகை, 15 நாள்வரை போனால் 15 நாள் வாடகை, அதற்கும் மேல் போனால் ஒரு மாத வாடகை எனத் தள்ளுபடி வரையறுக்கப்பட்டிருந்தது. பலருக்கு இது தெரியாது. கேட்காததால் கிடைப்பதும் இல்லை.

தள்ளுபடிக்கு ஆதாரம் புகார் எண். லைன்மேனிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது கணக்கில் வராது. லைன் டெட் ஆன அன்றே வாடிக்கையாளர் சேவை எண்ணிலோ செயலியிலோ புகார் பதிந்து, எண்ணையும் தேதியையும் குறித்து வையுங்கள். லைன் சரிசெய்யப்பட்ட தேதியையும் குறியுங்கள். அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில்தான் உங்கள் வழக்கு இருக்கிறது.

பதிலில் திருப்தி இல்லையென்றால், 2012-ஆம் ஆண்டின் புகார் தீர்வு விதிமுறைகளின்படி நிறுவனத்துக்குள்ளேயே மேல்முறையீட்டு அதிகாரி இருக்கிறார். 30 நாளுக்குள் முறையிட வேண்டும். 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். கட்டணம் கிடையாது. உங்களுடையது அரசு நிறுவனம் என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, உங்கள் எண்ணுக்கான பழுதுப் பதிவேட்டின் நகலையும் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். நிறுவனத்தின் சொந்தப் பதிவேட்டைவிட வலுவான சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

போகலாம். இதில் ஒரு பழைய குழப்பம் இருந்தது. பில் தகராறில் போன் துண்டிக்கப்பட்ட கேரளச் சந்தாதாரர் ஒருவரின் வழக்கில், 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 7பி பிரிவின்படி தொலைபேசித் தகராறுகள் நடுவர் தீர்ப்புக்குத்தான் போக வேண்டும், நுகர்வோர் மன்றத்துக்கு வர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பரில் சொன்னது. கிருஷ்ணன் வழக்கு என்று வழக்கறிஞர்கள் குறிப்பிடுவது இதைத்தான். அதைக் காட்டியே எத்தனையோ புகார்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டன.

அந்தக் கதவை மறுபடி திறந்தது அகமதாபாத்தைச் சேர்ந்த ஒரு வாடிக்கையாளரின் வழக்கு. மாதம் சராசரியாக 555 ரூபாய் பில் வந்த அவருடைய செல்போனுக்கு, 2013 நவம்பர்–டிசம்பரில் ஒரே மாதத்துக்கு 24,609 ரூபாய்க்கு மேல் பில் வந்தது. அவர் மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். நிறுவனம் 7பி பிரிவைக் காட்டி உச்ச நீதிமன்றம்வரை எதிர்த்தது. 2022 பிப்ரவரி 16 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, தந்திச் சட்டம் நுகர்வோர் மன்றத்தின் அதிகாரத்தைத் தடுக்காது என்றும் 2009 தீர்ப்பு சரியான சட்டநிலை ஆகாது என்றும் தீர்த்துவைத்தது. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 30-ஆவது பிரிவும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பயனாளருக்கு உள்ள உரிமை பாதிக்கப்படாது என்றே சொல்கிறது. ஆகவே “போன் கேஸ் எல்லாம் கன்ஸ்யூமர் கோர்ட்டில் நிற்காது” என்று இன்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

நீங்கள் வசிக்கும் இடத்திலேயே, அதாவது மைசூரு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். புகாரைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

வழக்கு என்றாலே தயக்கமாக இருந்தால், சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் கீழ் இயங்கும் நிரந்தர லோக் அதாலத்தை அணுகலாம். அந்தச் சட்டத்தின் 22ஏ பிரிவில் தொலைபேசிச் சேவை பொதுப் பயன்பாட்டுச் சேவையாகப் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. முதலில் சமரசம் பேசுவார்கள். முடியாவிட்டால் அவர்களே தீர்ப்பும் சொல்லலாம். அங்கே மனு கொடுத்தபின் அதே தகராறுக்காக வேறு நீதிமன்றத்துக்குப் போக முடியாது. ஆகையால் இரண்டில் ஒரு வழியை யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

போன் மாமனார் பெயரில் இருக்கிறதே?

அதனால் உங்கள் உரிமை போய்விடாது. பணம் கட்டியவருடைய சம்மதத்தோடு சேவையைப் பயன்படுத்துகிறவரும் சட்டத்தின் பார்வையில் நுகர்வோரே. நுகர்வோர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசு புகார் தரலாம் என்றும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. இருந்தாலும் பெயர் மாற்றத்தை இனியும் தள்ளிப்போட வேண்டாம். இறப்புச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபமின்மைக் கடிதம், மாமியாரின் அடையாளச் சான்று ஆகியவற்றோடு விண்ணப்பித்து இணைப்பை அவர் பெயருக்கு மாற்றுங்கள். காலமானவர் பெயரில் இணைப்பு இருக்கும்வரை, நாளை சரண்டர் செய்தாலும் டெபாசிட் காசோலை யார் பெயரில் என்ற சிக்கல் வரும். இன்னொரு பயனும் உண்டு. இரண்டு மாதத்துக்கு மேல் பழசாகாத தொலைபேசி பில், ரிசர்வ் வங்கியின் கேஒய்சி நெறிகளில் முகவரிக்கான ஆவணமாக ஏற்கப்படுகிறது. மாமியார் பெயரில் வேறு எந்த பில்லும் இல்லாத வீட்டில் இது உதவும்.

ஃபைபருக்கு மாறச் சொல்வது சரியா?

செம்புக் கம்பியில்தான் சேவை தர வேண்டும் என்று நிறுவனத்தை வற்புறுத்தச் சட்டத்தில் வழியில்லை. எந்தத் தொழில்நுட்பத்தில் தருவது என்பது அவர்கள் முடிவு. ஆனால் உங்கள் சம்மதம் இல்லாமல் புதிய கட்டணத் திட்டத்தை உங்கள்மேல் ஏற்ற முடியாது. சேர்ந்த திட்டத்தின் கட்டணத்தை 6 மாதத்துக்கு உங்களுக்குப் பாதகமாக மாற்றவும் கூடாது. பழைய இணைப்பு உயிரோடு இருக்கும்வரை பழுது பார்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு வாடகையை மட்டும் வாங்குவது தெளிவான சேவைக் குறைபாடு.

அதே நேரத்தில், மழைக்கு மழை செத்துப்போகும் கேபிளோடு போராடுவதைவிட ஃபைபர் உங்கள் மாமியாருக்கு நல்லது என்றே நினைக்கிறேன். மாறுவதற்கு முன் நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்.

முதலாவது, அதே நம்பர். 2011-இல் நாடு முழுவதும் வந்த, நம்பர் மாறாமல் நிறுவனம் மாறும் வசதி செல்போனுக்கு மட்டும்தான். லேண்ட்லைனுக்குக் கிடையாது. வேறு நிறுவனத்துக்குப் போனால் 0821-க்குப் பின்னால் வேறு எண்தான் வரும். இருக்கும் நிறுவனத்திலேயே ஃபைபருக்கு மாறும்போது பழைய எண்ணைத் தக்கவைக்கக் கேளுங்கள். 82 வயதில் இன்னொரு எண்ணை மனப்பாடம் செய்யச் சொல்ல முடியாது.

இரண்டாவது, மின்சாரம். பழைய போனுக்கான மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து அந்தக் கம்பி வழியாகவே வந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் போன் பேசும். ஃபைபர் கருவிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். ஏப்ரல், மே மாதக் காற்றும் மழையும் விஜயநகரில் மரத்தைச் சாய்த்துக் கரண்டைப் பறிக்கும் நாளில்தான் தனியாக இருப்பவருக்கு போன் அதிகம் தேவைப்படும். எனவே கருவியை வீட்டு யுபிஎஸ்ஸில் இணையுங்கள். யுபிஎஸ் இல்லையென்றால் அந்தக் கருவிக்கென்று சிறிய பேட்டரி பேக்கப் ஒன்றாவது வாங்கிவிடுங்கள்.

மூன்றாவது, கருவி யாருடையது, கெட்டால் யார் மாற்றுவது, சரண்டர் செய்தால் திருப்பித் தர வேண்டுமா என்பது. நான்காவது, பழைய டெபாசிட் புதிய இணைப்புக்கு மாறுகிறதா, திரும்பி வருகிறதா என்பது.

கடைசியில் ஒப்படைக்கத்தான் வேண்டும் என்றால்

அதையும் முறையாகச் செய்யுங்கள். சரண்டர் விண்ணப்பத்தைக் கையெழுத்திட்டுக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அந்தத் தேதிக்குப் பின் வாடகை போடக் கூடாது. 7 நாளுக்குள் இணைப்பை முடிக்க வேண்டும். டெபாசிட்டை 45 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது 2024 விதிமுறை. மாமனார் காலத்து ரசீதோ டிமாண்ட் நோட்டோ வீட்டில் இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். டெபாசிட் தொகை சந்தாதாரர் கணக்கில் பதிவாகியிருக்கும், அந்தக் கணக்கின் பிரதியைக் கேளுங்கள். “பாக்கி எதுவும் இல்லை” என்ற சான்றையும் வாங்கி பத்திரப்படுத்துங்கள்.

ஒப்படைப்பதற்கு முன்னால், அந்த எண் எங்கெல்லாம் இருக்கிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். வங்கி, பென்ஷன், எல்ஐசி, கேஸ் ஏஜென்சி, டாக்டர், அக்கம்பக்கம் என எல்லா இடத்திலும் மாற்றுங்கள். விட்ட எண் பின்னொரு நாள் வேறொருவருக்குப் போகலாம். மாமியாருக்குப் பெரிய பொத்தான் உள்ள சாதாரண செல்போனைக் கொடுத்து, சில வாரம் இரண்டு போனையும் வைத்திருந்து பழகிய பிறகு சரண்டர் செய்வது நல்லது.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். தனியாக இருக்கும் முதியவர்களை லேண்ட்லைனிலும் மோசடிக்காரர்கள் கூப்பிடுகிறார்கள். “டிராயிலிருந்து பேசுகிறோம், இரண்டு மணி நேரத்தில் உங்கள் போன் துண்டிக்கப்படும்” என்பார்கள். போலீஸ் என்று சொல்லி “டிஜிட்டல் அரெஸ்ட்” என்று மிரட்டுவார்கள். டிராய் எந்தச் சந்தாதாரரையும் அழைத்துத் துண்டிப்பதாகச் சொல்வதில்லை. டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் எங்கும் கிடையாது. அப்படி அழைப்பு வந்தால் ரிசீவரை வைத்துவிடச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930. அவசர உதவிக்கு 112. இந்த இரண்டையும், உங்கள் செல்போன் எண்ணையும் பெரிய எழுத்தில் போன் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனைக் கூப்பிட முன்னால் 0 போட வேண்டும். உங்கள் எண்ணை அந்த 0-வோடு சேர்த்தே எழுதுங்கள்.

ஆக, இந்த வாரமே செய்ய வேண்டியவை மூன்று: பெயர் மாற்ற விண்ணப்பம், டெட்டாக இருந்த நாட்களுக்கான தள்ளுபடி கேட்டு ஒரு கடிதம், அதே எண்ணில் ஃபைபர் கேட்டு ஒரு கடிதம். மூன்றுக்கும் ஒப்புகை வாங்குங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாடகை வாங்குகிறவர் டயல் டோன் தரக் கடமைப்பட்டவர். அதைக் கேட்க நீங்கள் தயங்க வேண்டாம்.