தனிமையை வென்ற தோழமை

உண்ண உணவும் உறைய இடமும் மட்டும் மனிதனுக்குப் போதா; உடனிருந்து பேசவும் சிரிக்கவும் தோழரும் வேண்டும். ஊரிலிருந்து தொழில் செய்வோர்க்கு இத்தோழமை எளிதில் வாய்க்கிறது. உற்றாரும் ஊராரும் இல்லாத தொலைவிடத்தில் தொழில் செய்வோரோ அதனைத் தாமே முயன்று ஆக்கிக்கொள்ள வேண்டும். இவ்வுண்மையைத் தென்முனைக் கண்டமாகிய அண்டார்க்டிகாவில் தொண்டாற்றியோர் வரலாறு தெளிவாக உணர்த்துகிறது.

1898ஆம் ஆண்டு 'பெல்ஜிகா' என்னும் கப்பல் அக்கண்டத்தை அடுத்த கடலில் பனியிற் சிக்கியது. கதிரவன் இரு திங்களுக்கு மேல் தோன்றவில்லை. தோழர் ஒருவர் நோயால் இறந்தார். எஞ்சியோர் ஊக்கம் குன்றினர். சிலர் மனம் கலங்கினர். அப்போது கப்பல் மருத்துவர் பிரடெரிக் குக், அவர்களைப் புதிய இறைச்சி உண்ணச் செய்தார். அடுப்பின் ஒளியில் அமரச் செய்தார். கப்பலைச் சுற்றி உலாவச் செய்தார். உடல்நோயோடு உள்ளச் சோர்வும் உயிர்க்குப் பகையாகும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

பதினேழு ஆண்டுகள் கழித்து, 1915ஆம் ஆண்டு சனவரித் திங்களில், 'எண்டியூரன்ஸ்' என்னும் கப்பலும் அவ்வாறே பனியில் அகப்பட்டது. அதில் இருந்தோர் 28 பேர். தலைவர் எர்னஸ்ட் ஷாக்கல்டன், தம் மக்களின் மனநிலையையே முதற்கண் கருதினார். கப்பலின் தளத்தைத் தேய்த்துக் கழுவும் வேலையில் மாலுமியோடு விஞ்ஞானியும் முழந்தாளிட்டார். கற்றவர் என்றும் கல்லாதவர் என்றும் அங்கு வேற்றுமை இல்லை. பனித்தரையில் அவர்கள் பந்தாடினர். நாய்வண்டிப் பந்தயம் நடத்தினர். இருள் சூழ்ந்த நாள்களில் பாட்டும் படக்காட்சியும் நிகழ்ந்தன. சூன் 22ஆம் நாள், நடுக்குளிர்கால விழாவில், பலவகை வேடமிட்டு நடித்து மகிழ்ந்தனர்.

பின்னர்ப் பனி நெருக்கியதால் கப்பல் உடைந்தது. அனைவரும் பனிமேல் இறங்கினர். சுமையைக் குறைக்க வேண்டி, உடைமைகள் பலவற்றையும் எறிந்துவிடுமாறு தலைவர் ஆணையிட்டார். தாமும் பொற்காசுகளைப் பனிமேல் எறிந்தார். ஆயினும் ஹஸ்ஸி என்பவரின் பான்ஜோ என்னும் நரம்பிசைக் கருவியை மட்டும் எடுத்து வரச் செய்தார். பொன்னால் தீராத துயரம் பாட்டால் தணியும் என்பது அவர் கருத்து. குறைகூறும் இயல்பினரைப் பிறரிடம் விடாமல், தம் கூடாரத்திலேயே தங்கவைத்துக்கொண்டார்.

1916ஆம் ஆண்டு ஏப்பிரலில் அவர்கள் யானைத்தீவை அடைந்தனர். ஷாக்கல்டன் ஐவருடன் சிறு படகேறி உதவி நாடிச் சென்றார். எஞ்சிய 22 பேரும் பிராங்க் வைல்டு என்பவர் தலைமையில், கவிழ்த்த இரு படகுகளின் கீழ் நான்கு திங்களுக்கு மேல் வாழ்ந்தனர். "தலைவர் இன்று வரக்கூடும், மூட்டை கட்டுங்கள்" என்று வைல்டு ஊக்குவார். பான்ஜோவின் இசையும் ஒலிக்கும். ஆகஸ்டு 30ஆம் நாள் மீட்புக்கப்பல் வந்தது. 28 பேருள் ஒருவரும் இறந்திலர்!

இன்று அக்கண்டத்தில் பல நாடுகளின் ஆய்வு நிலையங்கள் உள்ளன. 1989இல் நிறுவப்பெற்ற மைத்ரியும், 2012இல் தொடங்கப்பெற்ற பாரதியும் இந்தியாவுக்குரியவை. குளிர்காலத்தில் விஞ்ஞானியும் மருத்துவரும் சமையற்காரரும் எந்திரம் பழுதுபார்ப்போரும் ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றனர். நடுக்குளிர்கால நாளில் நிலையங்கள் ஒன்றுக்கொன்று வாழ்த்து அனுப்பி விருந்து கொண்டாடும் வழக்கம் இன்றும் நிலவுகிறது.

பனிக்கண்டத்தில் மட்டுமன்று, இக்காலத்தில் தத்தம் இல்லத்திலிருந்தே கணிப்பொறி வழியாகப் பணிபுரிவோர் பலர். முகம் காணாமலே அவர்கள் ஒரு வேலையைப் பகிர்ந்து முடிக்கின்றனர். வேலை முடிந்தால் போதும் என்றிருப்பின், உடன் உழைப்பவர் துயருற்றாலும் அறிய இயலாது. நலம் உசாவும் ஒரு சொல், குறிப்பிட்ட வேளையில் கூடிப் பேசும் சிறுபொழுது, பிறர் சுமையில் ஒரு பங்கு ஏற்கும் உள்ளம் ஆகிய இவை சிறியனவாகத் தோன்றும். ஆனால் பனிக்கடலில் 28 உயிர்களைக் காக்கத் துணைநின்றவை இத்தகைய சிறு செயல்களே. தொலைவு உடலைப் பிரிக்கலாம்; அன்புடையார் உள்ளத்தை அது பிரிக்க வல்லதன்று.