கேட்டலும் படைத்தலும்

கயத்தாறு என்றவுடன் 1799-ஆம் ஆண்டில் ஆங்குத் தூக்கிலேற்றப்பட்ட கட்டபொம்மனாரின் நினைவே யாவர்க்கும் எழும். ஆயின், அவ்வூரிலிருந்து கோவிற்பட்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இடைசெவல் என்னும் சிற்றூரொன்று உளது. சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றோர் இருவரை அவ்வூர் ஈன்றது. அவர் கு. அழகிரிசாமியும் (1970), கி. ராஜநாராயணனும் (1991) ஆவர். வானம் பார்த்த கரிசற் பூமியில் இவ்விளைவு எங்ஙனம் உண்டாயிற்று என்பதே ஈண்டு நாம் ஆராயும் பொருள்.

முதலாவது, வழிகாட்டுநர் துணை. கி.ரா. பள்ளிப் படிப்பை முற்ற முடித்தவரல்லர். இளமைத் தோழரான அழகிரிசாமியே அவர்க்கு இலக்கியத் துணையாயினார். அவர் எழுதிய கடிதங்கள் பின்னர் நூலாகவும் வெளிவந்தன. விளாத்திகுளம் சுவாமிகளின் இசையோ இருவர் செவியையும் பண்படுத்தியது.

இரண்டாவது, குடும்ப நினைவு. 1976-இல் வெளிவந்த ‘கோபல்ல கிராமம்’, தெலுங்கு நாட்டினின்றும் குடிபெயர்ந்து, காட்டைத் திருத்தி ஊராக்கிய முன்னோர் வரலாற்றைக் கூறும் நவீனம். அதில் அப்பயணக் கதையைச் சொல்பவள் மங்கத்தாயாரம்மாள் என்னும் மூதாட்டி. கல்வெட்டும் செப்பேடும் காவாததை அவள் நா காத்தது.

இவ்வாறு கேட்டுப் பெற்ற செல்வம் எழுத்தோடு நின்றுவிடவில்லை. ஆட்டுக்கிடையைச் சூழ்ந்த வாழ்வையும், சாதி வேற்றுமையாற் கைகூடாத காதலையும் கூறும் கி.ரா.வின் ‘கிடை’ என்னும் குறுநாவல், 2003-இல் அம்ஷன் குமாரால் ‘ஒருத்தி’ என்னும் திரைப்படமாயிற்று. செவி பெற்றது எழுத்தாகி, எழுத்து காட்சியாயிற்று. இச்சங்கிலியின் முதற்கண்ணி கேட்டலே என்க.

இனி நம்மை நோக்குவோம். முல்லைத்திணையின் முதல், கரு, உரி என்பவற்றைத் தேர்விற் பிழையின்றி எழுதும் நாம், கிடை மறிப்போர் ஒருவருடனேனும் அளவளாவியதுண்டா? சென்ற விடுமுறையில் யாம் எம் பாட்டியாரிடம், அவருடைய அன்னையார் பருத்தி எடுக்கையிற் பாடிய பாட்டைச் சொல்லுமாறு வேண்டினோம். மெட்டு வந்தது, சொற்கள் வரவில்லை. “நாலு வருஷம் முந்திக் கேட்டிருந்தால் முழுசும் சொல்லியிருப்பேனே, ஐயா” என்றார். அந்நான்கு ஆண்டுகளும் யாம் அவ்வீட்டிலேயே இருந்தோம்.

நல்லாசிரியரும் நல்ல நினைவும் நம் இல்லங்களில் இன்றும் உளர், கேட்போரே இலர். ஆதலின், நண்பர்காள், வரும் விடுமுறையில் ஏடும் எழுதுகோலும் கொண்டு திண்ணைக்குச் செல்வோமாக. எழுதுதல் பின்னர் ஆகுக. கேட்டல் இன்றே ஆகுக.